காக்பிட் கதவுக்குப் பின்னால் – 11: மைனஸ் எட்டு அடி

போன வாரம் பார்த்தது பெங்களூரு, 1990 பிப்ரவரி 14. என்ஜின்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, வேகம் தேய்ந்து தேய்ந்து ஓடுபாதைக்கு முன்பே விழுந்த ஏர்பஸ். ‘இரண்டு பேர் உட்கார்ந்து எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?’ என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். இந்த வாரக் காக்பிட்டில் மூன்று பேர்.

2009 பிப்ரவரி 25, காலை. இஸ்தான்புல்லிலிருந்து ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது டர்க்கிஷ் ஏர்லைன்ஸ் 1951. போயிங் 737-800 ரகம். உள்ளே 135 பேர். கேப்டன் அனுபவசாலி, பயிற்சி கொடுப்பவரும்கூட. விமானத்தை ஓட்டிய துணை விமானி இந்த ரக விமானத்துக்குப் புதியவர். பயணிகளோடு பறந்தபடியே பயிற்சியை முடித்துக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் மூன்றாமவர். இருவர் கண்ணிலும் படாமல் போவதைப் பார்ப்பதற்கென்றே உட்கார வைக்கப்பட்டவர். வெளியே மேகம், தரை தெரியவில்லை. கருவிகளை நம்பித்தான் இறங்க வேண்டும்.

தரைக்கும் விமானத்துக்கும் உள்ள உயரத்தை ரேடியோ அலையால் அளக்கும் ஆல்டிமீட்டர்கள் இரண்டு இருந்தன. இடப்பக்கத்தது சுமார் 1,950 அடி உயரத்தில், ‘மைனஸ் எட்டு அடி’ என்று காட்டியது. அதாவது விமானம் மண்ணுக்குள் பறக்கிறதாம்! அதே விமானத்தில் அதற்குச் சற்று முந்தைய பறப்புகளிலும் இரண்டு முறை இந்தக் கோளாறு வந்து போயிருந்தது. பெரிதாக எதுவும் ஆகவில்லை.

இப்போது கவனியுங்கள். என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் இடப்பக்க ஆல்டிமீட்டரின் பேச்சை மட்டும் கேட்கும். விமானத்தைச் செலுத்திக்கொண்டிருந்த ஆட்டோபைலட்டோ வலப்பக்கத்து ஆல்டிமீட்டரைக் கேட்டது. அது சரியாகவே அளந்துகொண்டிருந்தது. ஆக, ஒரே விமானத்துக்குள் இரண்டு நம்பிக்கைகள். ‘தரை தொடப்போகிறோம்’ என்று நினைத்த ஆட்டோத்ராட்டில் என்ஜினை ஐடிலுக்கு, அதாவது சும்மா சுற்றும் நிலைக்கு, இறக்கிவிட்டது. ‘இன்னும் தூரம் இருக்கிறது’ என்று அறிந்த ஆட்டோபைலட், சரிவுப்பாதையை விட்டு இறங்கிவிடாமல் மூக்கை மெல்ல மெல்லத் தூக்கியது. மூக்கு உயர உயர வேகம் குறையும். இந்த இடப்பக்கச் சமாச்சாரம் விமானிகளுக்குக் கொடுத்திருந்த கையேட்டில் இல்லை.

சரி, என்ஜின் ஓய்ந்தது அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஓடுபாதைக்கு ஆறு நாட்டிகல் மைலுக்கும் குறைவான தூரத்தில்தான் விமானத்தை நேர்க்கோட்டுக்குத் திருப்பியிருந்தார்கள். அங்கே 2,000 அடி என்றால் சரிவுப்பாதையைக் காட்டும் ரேடியோ கற்றைக்கு மேலே இருக்கிறோம் என்று பொருள். சீக்கிரம் இறங்கவும் வேண்டும், வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். அதற்கு என்ஜின் ஐடிலில்தான் இருக்க வேண்டும்! விமானி கேட்டதும் பழுதான கருவி செய்ததும் ஒன்றாகவே இருந்தன. ஆசைப்பட்டபடியே நடக்கிற ஒன்றை யார் சந்தேகிப்பார்கள்?

திரையின் உச்சியில், ஆட்டோத்ராட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் சின்னப் பெட்டியில், பச்சை எழுத்தில் ‘ரிடார்ட்’ (விசை குறைகிறது) என்று எழுதியிருந்தது. சுமார் 100 வினாடி அது அங்கேயே நின்றது. கண்ணில் பட்டிருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உயரத்திலிருந்து சாதாரணமாக இறங்கும்போதும் அதே சொல்தான் அங்கே வரும். தரையைத் தொடும் முன் கடைசி 27 அடியில் வருவதும் அதே சொல்தான். ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வைத்துவிட்டு, ‘ஏன் படிக்கவில்லை?’ என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. காட்டியதைப் பார்ப்பது மட்டும் போதாது. இந்த நொடியில் அங்கே எந்தச் சொல் இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே மனதில் இருந்தால்தான், வேறு சொல் உறுத்தும். அந்தச் சொல்லை வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தைப் பல நிறுவனங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த நேரத்தில் மூவர் மனமும் வேறு வேலையில் இருந்தது. தரையிறங்கும் முன் படிக்கவேண்டிய சரிபார்ப்புப் பட்டியல் பின்தங்கிவிட்டது. மேகத்துக்குள் 1,000 அடியில் எல்லாம் ஒழுங்காக இல்லையென்றால் மேலேறிவிட வேண்டும் என்பது விதி. அவர்கள் பட்டியலை முடித்துவிடப் பார்த்தார்கள். வேகம், இறங்குவதற்காகக் குறித்திருந்த 144 நாட்ஸுக்கும் கீழே போனது. யாரும் சொல்லவில்லை.

460 அடியில், வேகம் அபாயமாகக் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கும் விதமாகக் கட்டுப்பாட்டுத் தண்டு தடதடவென்று அதிர்ந்தது. துணை விமானி த்ராட்டிலை முன்னே தள்ளினார். அதே நொடியில் கேப்டன் விமானத்தைத் தன் கைக்கு எடுத்தார். துணை விமானி கையை எடுத்துவிட்டார். இன்னும் துண்டிக்கப்படாத ஆட்டோத்ராட்டில், நெம்புகோல்களைப் பழையபடி பின்னுக்கு இழுத்துக்கொண்டது. முழு விசை கொடுக்கும்போது, தண்டு அதிர்ந்து ஒன்பது வினாடி கழிந்திருந்தது. ஓடுபாதைக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால், உழுத வயலில் விமானம் விழுந்து உடைந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். காக்பிட்டில் இருந்த மூவரும் அதில் அடக்கம்.

டச்சு பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை 2010-இல் வந்தது. அதற்காக சிட்னி டெக்கர் என்ற ஆய்வாளர், மனிதர்களும் கருவிகளும் மோதும் இடத்தைப் பற்றித் தனியாக எழுதிக்கொடுத்த ஆய்வு மட்டும் 2020 வரை வெளிவரவில்லை. அது வெளிவந்த சமயத்தில் உலகமே போயிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம், அந்தப் பேச்சுக்குக் காரணமான விபத்துகளில் ஒன்று: 2018 அக்டோபர், ஜகார்த்தா. அங்கேயும் விமானம் ஒரே ஒரு உணர்கருவியின் பேச்சைத்தான் கேட்டது.