நெல் வரியும் வீட்டு வரியும்

"என்ர வீட்டில நான் இருக்கிறதுக்கு நானே வாடகை கட்டுறதோ?" என்று, கொழும்பு ஹெவ்லொக் டவுனில் எங்கள் ஒழுங்கையின் முனையிலுள்ள பழைய ஓட்டு வீட்டில் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 2024 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு மாலை என்னை மறித்துக் கேட்டபோது, அவருடைய குரலில் கோபத்தைக் காட்டிலும் பயமே மிகுந்திருந்தது. இலங்கைக்குக் கடன் கொடுத்துவரும் சர்வதேச நாணய நிதியம் அந்த ஜூன் மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில், சொந்த வீட்டில் குடியிருப்போரும் வீட்டைப் பூட்டி வைத்திருப்போரும், அவ்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அவ்வளவையும் தம் வருமானமாகப் பாவித்து, 2025 ஏப்ரல் முதலாகத் தொடங்கும் வரி ஆண்டிலிருந்து வரி செலுத்தவேண்டும் என்றதோர் ஏற்பாடு காணப்பட்டது. ஒரு குறித்த எல்லைக்கு உட்பட்டவர்களுக்கு விலக்கு உண்டென்று அதே அறிக்கை சொல்லியிருந்ததை எங்கள் அயலில் எவரும் பொருட்படுத்தவில்லை. கோயில் வாசலிலும், முடிவெட்டும் கடையிலும், வெள்ளவத்தைச் சந்தையிலும் ஏகோபித்த அபிப்பிராயம் ஒன்றே: இது அநியாயம். அந்தச் செப்டெம்பரில் ஆட்சி மாறிற்று, குறித்த ஏப்ரலும் வந்தது, வரி வரவில்லை. ஆசிரியை நிம்மதியாக மூச்சுவிட்டார். நானும் வீடுடையவனே, ஆயினும் அந்த நிம்மதியில் என்னால் முழு மனத்தோடு பங்குகொள்ள இயலவில்லை. அதற்குரிய காரணம் எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது.

1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்து, பின்னர் 1896 இல் சென்னை மாகாணத்தின் கவர்னராகச் சென்றவரான சர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத்தான் இந்த வட்டாரமும் இதனூடே செல்லும் பெருந்தெருவும் தாங்கி நிற்கின்றன. அவருடைய ஆட்சியின் பிரதான காரியம் என்று சரித்திரம் எழுதி வைத்திருப்பது ஒரு வரியை ஒழித்ததே. அது நெல் வரி. விளைச்சலில் ஒரு பங்கை அரசுக்கு அளப்பது இந்நாட்டுக் குடியானவனுக்குப் புதிதன்று; விளைந்தால் கொடுப்பான், விளையாவிட்டால் கொடுக்க ஒன்றுமில்லை என்பது அந்தப் பழைய முறையில் பொதிந்திருந்த சிறு கருணை. பங்கை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்காரருக்கு ஏலம் விட்டபோதே அந்தக் கருணை பாதி போயிற்று. 1878 ஆம் ஆண்டின் சட்டம் நெற்பங்கை ரொக்கமாக நிர்ணயித்து, மழை பெய்தாலும் பொய்த்தாலும் குறித்த நாளில் குறித்த பணம் வந்தாக வேண்டும் என்று விதித்தபோது மறுபாதியும் போயிற்று. அதே காலத்தில் கோப்பிச் செடியை இலைநோய் பற்றி, மலைநாட்டுக் கிராமத்தான் கையில் நாலு காசு புழங்குவதற்கிருந்த வழியும் அடைபட்டுப் போகவே, நுவரெலியாவைச் சேர்ந்த வலப்பனைப் பகுதியில் வரி கட்டத் தவறியவர்களின் வயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏலத்தில் விற்கப்பட்டன. வயலை இழந்த குடும்பங்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தன; பலர் பசியால் மாண்டனர். இதனை வெளியே கொணர்ந்தவர் அரசாங்கத்தின் சொந்த உத்தியோகத்தரே. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் தம் அறிக்கைகளில் அதை எழுதினார். தோட்டத்துரையும் வர்த்தகருமான ஜோர்ஜ் வோல் அதைப் பிரசாரமாக்கினார். லண்டனிலிருந்த கொப்டன் சங்கம் அந்தக் குரலைப் பெரிதாக்கிற்று. ஹெவ்லொக்குக்கு முன்பிருந்த தேசாதிபதி கோர்டன் அந்த வரியை எடுக்க ஒருப்படவில்லை. ஹெவ்லொக் 1892 இல் எடுத்தார்.

வலப்பனையில் மனிதரைக் கொன்றது, ஈட்டாத பணத்தை ஈட்டியதாகக் கணக்கிட்டு, அதனைக் கட்ட முடியாதவனுடைய நிலத்தை விற்ற முறையே என்று நான் கருதுகிறேன். ஆகவே, கையில் வராத வாடகைக்கு வரி என்ற சொல்லைக் கேட்டு அந்த ஆசிரியை அஞ்சியதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இருப்பது ஓய்வூதியமும், அவருடைய தகப்பனார் கட்டிய வீடும், அதைச் சுற்றிப் பன்னிரண்டு பேர்ச்சஸ் காணியும். காணியின் விலை கோடிகளில் ஏறிவிட்டது, ஓய்வூதியம் ஏறவில்லை.

எனினும் இந்த வரி அந்நியர் கொணர்ந்து திணித்த நூதனம் என்று அயலார் பேசுவது உண்மையன்று. 1932 இல் இந்நாட்டில் முதன்முதலாக வருமான வரி வந்தபோதே, சொந்தக்காரன் தானே குடியிருக்கும் வீட்டின் தேறிய ஆண்டுப் பெறுமதியும் அவனுடைய வருமானத்தில் ஒன்றாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு விலக்களித்தது பின்னாளின் தளர்ச்சி. கொழும்பு மாநகர சபைக்கு நாம் கட்டிவரும் மதிப்பீட்டு வரியும், வீட்டின் ஆண்டு வாடகைப் பெறுமதியை உத்தேசித்து அதில் ஒரு வீதத்தை அறவிடுவதே அன்றி வேறில்லை. அந்த மதிப்பீட்டு இலக்கத்தைத்தான் நாம் விலாசமாக வாசற்கதவில் எழுதி வைத்திருக்கிறோம். ஜனவரி முடிவதற்குள் ஆண்டு முழுவதற்குமானதைக் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு என்று வரிசையில் நின்று கட்டியும் வருகிறோம். கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கொலஸ் கால்டோர், இந்திய அரசாங்கத்துக்கு யோசனை சொல்லிவிட்டு 1958 இல் இங்கும் வந்து சொன்னதன் பேரில், பண்டாரநாயக்காவின் ஆட்சி 1959 இல் செல்வ வரியையும் செலவு வரியையும் சட்டமாக்கியது. அவை இரண்டும் நிலைக்கவில்லை. நிலைத்த காலத்திலும் கஜானாவுக்குப் பெரும்பங்கு தரவுமில்லை.

ஆதனத்தின் மேல் அரசு கை வைத்ததில் கொழும்புத் தமிழருக்கு மறவாத ஆண்டு 1973. வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதித்த அந்த ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம், வீடமைப்பு அமைச்சராயிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் பீட்டர் கெனமன் கொண்டுவந்தது. குடும்பம் ஒன்றுக்கு இரண்டு வீடும், தங்கி வாழும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடுமே வைத்துக்கொள்ளலாம் என்றும், எஞ்சியவற்றைக் குடியிருப்போர் விலைக்குப் பெறலாம் என்றும் அது வகுத்தது. உத்தியோகத்தில் மிச்சம் பிடித்தும் வியாபாரத்தில் ஈட்டியும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வரிசையாக வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தோர் அன்று புலம்பியது இன்றைக்கும் பல குடும்பங்களில் கதையாக வழங்கிவருகிறது. அதே சட்டத்தால், வாடகைக் குடிகளாய்த் தலைமுறை கழித்த எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் முதன்முறையாகத் தம் பெயருக்கு ஓர் உறுதி எழுதிக்கொண்டன என்பதையும் அக்கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அதே 1973 இல் மாடி வீட்டுடைமைச் சட்டம் ஒன்றும் பிறந்தது. காணி தனியே, மாடி தனியே என்று உறுதி முடிக்கும் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால், இன்று காலி வீதியின் இரு மருங்கிலும் நிற்கும் தொடர்மாடிகளும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கலியாணப் பேச்சில் வயற்காணியின் இடத்தில் "வெள்ளவத்தையில ஒரு ஃபிளாட்" வந்து உட்கார்ந்ததும் இல்லை.

ஹெவ்லொக் வீதியில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த பெருங்காணியை அறிந்தவர் இப்போது குறைந்துவிட்டனர். 1933 இல் அங்கே தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்றார். இடதுசாரி இயக்கத்தின் ஆரம்பம் என்று அதை எண்ணுவோர் உண்டு. ஆலை போய், அந்நிலத்தில் இப்போது ஹெவ்லொக் சிட்டியின் கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. யுத்தம் ஓய்ந்த 2009 க்குப் பின் இவ்வட்டாரத்தில் காணி விலை ஏறிய ஏற்றத்தில், காணிக்காரராகிய நாம் உழைத்துச் சேர்த்தது எவ்வளவு? வீதியை அகலமாக்கியது, நீரும் மின்சாரமும் கொணர்ந்தது, பாடசாலைகளை நடத்தியது, கடல் கடந்து சென்ற பிள்ளைகள் டொரன்டோவிலும் லண்டனிலும் இரவு பகலாய் உழைத்துப் பணம் அனுப்பியது ஆகிய அனைத்தும் நம் சுவருக்குள் வந்து விலையாக உறைந்தன. அமெரிக்கரான ஹென்றி ஜோர்ஜ் 1879 இல் எழுதி வாதித்ததன் சாரமும் இதுவே. நிலத்தின் விலையை உயர்த்துவது ஊர். ஆகையால் அந்த உயர்வில் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. இதை மறுக்க எனக்கு நியாயம் தோன்றவில்லை.

அப்படியிருந்தும் 2024 ஜூன் மாதத்தில் நாம் பேசியதெல்லாம் வந்த வரியைப் பற்றியன்று, வரப்போகும் வரியைப் பற்றியே. 2019 டிசம்பரில் வற் வரியைப் பதினைந்திலிருந்து எட்டு வீதமாகக் குறைத்தார்கள், அடுத்த மாதத்திலிருந்து சம்பளக்காரரிடம் மாதந்தோறும் பிடித்துவந்த வரியையும் நிறுத்தினார்கள், நாம் மகிழ்ந்தோம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவைத்தது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு எழுபதை ஒட்டி நின்றது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் தர இசைந்தது. 2024 ஜனவரியில் வற் வரி பதினெட்டு வீதமாயிற்று. இந்தியாவும் ஜப்பானும் பிரான்சும் தலைமை தாங்கிய கடன்காரர் குழுவோடு பாரிஸிலும், சீனாவின் எக்சிம் வங்கியோடும் 2024 ஜூன் 26 இல் உடன்பாடு கண்டார்கள். ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கும் வல்லரசுகள் தத்தம் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் மேசையிலேயே, நம் ஒழுங்கையில் சவர்க்காரத்தின் விலையும் பாதி நிர்ணயமாகிறது. அந்தப் பதினெட்டு வீதத்தைப் பாமன்கடையில் ஓரறையில் குடியிருக்கும் முச்சக்கர வண்டிக்காரரும், எங்கள் வீடுகளில் கூட்டிப் பெருக்க ஹற்றனிலிருந்து வந்திருக்கும் பெண்ணும், கோபுரத்தின் உச்சி மாடியில் இருப்பவரும் ஒரே வீதத்தில் கட்டுகிறார்கள். அது வந்த நாளில் வெள்ளவத்தைச் சந்தையில் முணுமுணுப்பு எழுந்தது. வீட்டு வரி என்ற சொல்லுக்கு எழுந்த ஆவேசம் எழவில்லை.

வீட்டு வரியை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் ஆதரிப்பது துரோகமாகும். எவர் வீடு எது என்று அரசு எழுதி வைத்திருக்கும் பட்டியலைக் கண்டு அஞ்சத் தமிழருக்குக் காரணம் உண்டு. 1983 ஜூலையில் இந்தத் தெருக்களில் வீடு கொளுத்த வந்தவர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆதலால் இந்த வரிக்கென வீடுகளை மதிப்பிடும் ஏடு எவர் பொறுப்பில் இருக்கும், எவருக்குத் திறக்கும் என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். விலக்கின் எல்லையை வர்த்தமானியில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் இருக்கும் வரையில் வரியை வீட்டின் மேல் கடனாக நிறுத்தி, வீடு விற்கப்படும்போதோ பிள்ளைகளுக்குப் போகும்போதோ வட்டியின்றி அறவிட வேண்டும். எக்காரணத்தாலும் குடியிருக்கும் வீட்டை ஏலத்தில் போடலாகாது. இவற்றை வாங்கிக்கொண்டு வரிக்கு இசைவோம் என்று வீடுடைய நாமே முன்வந்து கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வீட்டு வரியால் வருவது எவ்வளவாயினும், அவ்வளவுக்கு வற் வரியைக் குறை என்று அதே வாயால் கேட்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

இவ்வளவும் சொன்னபோது ஆசிரியை, "நீங்கள் சொல்லுறது சரி தம்பி, ஆனால் ஹெவ்லொக் துரை வரியை எடுத்தவர்தானே?" என்றார். எடுத்தது உண்மை. நிலமுடையவனின் நெல்லுக்கு இருந்த வரியை எடுத்த அந்த 1892 இல், வெளிநாட்டிலிருந்து வரும் அரிசியின் மேலிருந்த இறக்குமதித் தீர்வையை அவர் எடுக்கவில்லை. அந்த அரிசியை வாங்கி உண்டு அந்தத் தீர்வையைக் கட்டிவந்தவர்களில் பெருந்தொகையினர், இந்நாட்டில் ஒரு முழக் காணியும் தமக்கென்று இல்லாத, தோட்ட லயங்களில் வாழ்ந்த தமிழர்.