சபையிற் சேர்தல்

"கோயிலுக்குப் போகிறோம், பாட்டுப் பாடுகிறோம், காணிக்கையும் போடுகிறோம். இதற்கு மேலாகச் சபையிலே சேர்வது என்று தனியாக ஒன்று எதற்கு?" என்று கல்லூரி மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் கேட்டாள். கேள்வி நியாயமானதே. நமது நாட்டில் இக்கேள்விக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. ஆகையால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1658 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் ஆட்சியிலே கோயிற்பற்றுக்களிற் பள்ளிக்கூடங்களும், அப்பள்ளிக்கூடங்களிலே தோம்பு என்னும் பதிவேடும் இருந்தன. ஞானஸ்நானம் பெற்றவர் யார், விவாகஞ் செய்தவர் யார் என்பவற்றை உபாத்தியாயர் அதிலே எழுதி வைத்தார். அத்தோம்பிலே பெயரில்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. முதுசொத்துக்கு உரித்துக் காட்டுவதும் கடினமாயிற்று. எனவே, வீட்டினுள்ளே விபூதி தரித்தவர்களும் வெளியிலே தங்கள் பெயரைப் பதிவித்துக்கொண்டனர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தபின் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. தோம்பிலே நிறைந்திருந்த கிறிஸ்தவர்களும் பெரும்பாலும் மறைந்து போயினர். எமர்சன் டெனன்ற் என்பவர் இலங்கைக் கிறிஸ்தவம் பற்றி 1850 இல் வெளியிட்ட நூலில் இந்த நிலையை விரித்துரைக்கின்றார்.

விலகிப் போனவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஒருபோதும் சேர்ந்தவர்களல்லர், சேர்க்கப்பட்டவர்கள்.

1816 இலே தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் வந்து தங்கிய அமெரிக்க மிஷனரிமார் இதற்கு நேர்மாறான வழக்கத்தைக் கொண்டு வந்தனர். நியூ இங்கிலாந்துச் சபைகளின் மரபிலே, ஓர் ஊரிற் பிறந்ததனால் மாத்திரம் ஒருவன் அவ்வூர்ச் சபையின் அங்கத்தவனாகிவிட மாட்டான். தன் விசுவாசத்தைத் தன் வாயாற் சொல்ல வேண்டும், விசாரிக்கப்பட வேண்டும், காத்திருக்க வேண்டும், பின்னர் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று உடன்படிக்கைக்குச் சம்மதங் கூற வேண்டும். இதனாலேதான் மிஷன் பள்ளிக்கூடங்களிற் பிள்ளைகள் நிறைந்திருந்த காலத்திலும் சபை அங்கத்தவர் தொகை சிறிதாகவே இருந்தது. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே வேதாகமத்தை ஐயந்திரிபறக் கற்றும், ஞானஸ்நானம் பெறாமலே வெளியேறியவர் பலர்.

அப்படிச் சேர்ந்தவனுக்கு வந்த இடர் சிறிதன்று. திருவிருந்திலே பாத்திரம் ஒன்றே. அதிலே எந்தக் குலத்தவனும் பருகுவான். அன்றைய யாழ்ப்பாணத்திலே அந்த ஒரு மிடறு, தாய் வீட்டு அடுப்பங்கரைக்கும் மகனுக்கும் இடையே சுவரெழுப்பப் போதுமானது. பல குடும்பங்களிலே சாதிப் பற்று ஞானஸ்நானத்துக்குப் பின்னும் போகவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லத்தான் வேண்டும்.

சபைக்கு மிக அருகில் நின்றும் சேராதவர்களை எண்ணிப் பார்த்தாலும் விஷயம் தெளிவாகும். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பிலே துணைநின்றார். அந்த நூலை அவரளவு நுணுகிப் படித்த கிறிஸ்தவர் அக்காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ! ஆயினும் அவர் சைவராகவே வாழ்ந்தார். அறிதல் வேறு, சேர்தல் வேறு என்பதை அவரும் அறிந்திருந்தார், பாதிரியாரும் அறிந்திருந்தார்.

மெதடிஸ்த சபையாரிடையே அங்கத்துவம் உருவான வரலாறு சுவையானது. 1742 இலே இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிலே ஜோன் வெஸ்லியின் கூட்டத்தாருக்கு மண்டபங் கட்டிய கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்துக் கடனைத் தீர்ப்போம் என்று ஒரு கப்டன் யோசனை சொன்னார். ஏழைகள் என்ன செய்வார்கள் என்று ஒருவர் கேட்டார். மிக வறியவர்களிற் பதினொருவரைத் தன்னிடம் ஒப்படைத்தால், அவர்கள் கொடுக்க இயலாததைத் தானே இறுப்பதாகக் கப்டன் ஒப்புக்கொண்டார். இவ்வாறு பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று வகுப்புக்கள் ஏற்பட்டன. பென்னி தண்டுவதற்கு வீடு வீடாகச் சென்ற தலைவர்கள் அங்கே குடிவெறியையும், சண்டையையும், நோயையும், பட்டினியையும் கண்டனர். காசு தண்டும் வேலை ஆளைக் கவனிக்கும் வேலையாயிற்று. அங்கத்தவருக்கு மூன்று மாதத்துக்கொரு முறை ரிக்கற் கொடுக்கப்பட்டது. ஒழுங்கீனமாக நடந்தவனுக்கு அடுத்த ரிக்கற் கிடைக்காது. 1814 இல் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வந்த வெஸ்லியன் மிஷனரிமார் இந்த மரபிலே வளர்ந்தவர்களே.

நமது பெண்கள் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். உலையிலே அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறாக எடுத்துக் கோயிலுக்கென்று சேர்த்துவைக்கும் பிடியரிசி வழக்கத்தை முதியோர் அறிவர். அங்கத்துவம் என்ற சொல்லை உச்சரிக்கத் தெரியாத கிழவியும் நாடோறும் அடுப்படியிலே அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

இனி, எவ்வாறு சேர்வது? கத்தோலிக்கருக்கு ஒருவர் வாழும் இடமே அவருடைய பங்கைத் தீர்மானிக்கிறது. புது ஊருக்குப் போனால் பங்குச் சுவாமியாரிடஞ் சென்று குடும்பத்தைப் பதிவித்துக்கொள்ள வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் பதிவேட்டிலேயே உறுதிப்பூசுதலும் விவாகமும் பின்னர் குறிக்கப்படுவதனால், கல்யாணத்துக்கு முன் அங்கிருந்து புதிய பிரதி எடுக்கும்படி சொல்வார்கள். வளர்ந்தவர் புதிதாகச் சேர்வதானால் பல மாதம் ஆயத்த வகுப்பு நடக்கும். வழக்கமாக உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவிலே ஞானஸ்நானம் கொடுக்கப்படும்.

அங்கிலிக்கன் சபையிலும், 1947 செப்டெம்பர் 27 ஆந் திகதி உருவான தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண அத்தியட்சாதீனத்திலும், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்து வகுப்பிற் படித்தபின், அத்தியட்சர் கைவைத்துத் திடப்படுத்துவார். அன்று ஞானப் பெற்றோர் சொன்ன வாக்கை இன்று பிள்ளை தானே ஏற்கிறது. பழைய அமெரிக்க மிஷன் சபைகளே இந்த அத்தியட்சாதீனமாயின; இலங்கை மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் அந்த ஐக்கியத்திற் சேராமல் தனியே நிற்கின்றனர். பப்ரிஸ்த, பெந்தெகொஸ்தே சபைகளிலோ, விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்கே நீரில் மூழ்கி ஞானஸ்நானம். ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் பழைய போதகரிடம் மாற்றுக் கடிதம் வாங்கிச் செல்வது மரியாதை. சொல்லாமற் போவோர் இப்போது பலர். இரு பக்கத்துப் போதகர்மாருக்கும் அது மனவருத்தமே.

விவாகத்துக்காகச் சேர்வோரும், பிள்ளைக்குப் பள்ளிக்கூட அனுமதி வேண்டிச் சேர்வோரும் உண்டு. அவர்களை வாசலிலே மறிக்கக் கூடாது என்பதே என் எண்ணம். ஆனால், அத்தாட்சிப் பத்திரத்தை அவசரமாக எழுதிக் கொடுத்தபின் அவ்வீட்டுப் பக்கமே எட்டிப் பாராத சபை, ஒல்லாந்தர் தோம்பைத் திரும்பவும் திறந்து வைத்திருக்கிறது.

மாணவிக்கு இவ்வளவும் சொன்ன பின் என் தாயாரின் கதையையும் சொன்னேன். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தைவிட்டு எல்லாரும் வெளியேறிய இரவிலே நாங்களும் வெளியேறினோம். பின்னர் கொழும்பிலே குடியிருந்தோம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார்; ஆயினும் மாற்றுக் கடிதம் எடுக்கச் சம்மதிக்க மாட்டார். "என்ரை பேர் அங்கேயே கிடக்கட்டும். எல்லாரும் பேரை எடுத்தால் பிறகு அங்கை ஆர் இருக்கினம்?" என்பார். கொழும்புச் சபையார் அவரை வற்புறுத்தவில்லை. நோயுற்றபோது முறைவைத்து வந்து கஞ்சி கொடுத்தார்கள், செபம் பண்ணினார்கள். எழுந்து நடமாடத் தொடங்கிய மாதத்திலே அம்மா தாமாகவே ஊர்ப் போதகருக்குக் கடிதம் எழுதும்படி என்னைக் கேட்டார். பதில் வந்ததும் கொழும்புச் சபையிலே அவர் பெயர் வாசிக்கப்பட்டது, எழுந்து நின்றார்.

ஊர்க் கோயிலுக்கான வருடச் சந்தாவை மாத்திரம் கடைசி வரையில் நிறுத்தவில்லை. இரண்டு பற்றுச்சீட்டுக்களும் அவருடைய வேதாகமத்தின் ஒரே பக்கத்தில் இருந்தன.