சைக்கிளும் கூட வர வேண்டுமா?



குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறப் போகும் வீடுகளில் பெட்டி கட்டும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் கைக்கே வந்து சேர்கிறது. உடுப்புகள், மிளகாய்த்தூள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கி முடித்த பின், முற்றத்துச் சுவரில் சாய்ந்து நிற்கும் சைக்கிள் கண்ணில் படுகிறது. இதை என்ன செய்வது?

சிறிய கேள்விதான். ஆனால், புத்தளத்தில் ஒரு வீட்டில் இதனால் கணவனும் மனைவியும் மூன்று நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவர் என்னோடு கற்பித்த ஆசிரியர். மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகருக்குப் புறப்படவிருந்தார். பதினொரு வயது மகனின் சைக்கிளைக் கொண்டுபோயே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றார். “அந்த நிறைக்கு ரெண்டு புள்ளைகள்ட உடுப்பையும் கொண்டு போகலாமே” என்றார் மனைவி. இறுதியில் இருவரும் என்னிடம் வந்தார்கள்.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நான்கு கேள்விகளைக் கேட்டேன். அதே கேள்விகளை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, போகும் இடத்தில் சைக்கிள் ஓட்ட வழியுண்டா? மெல்பேர்னில் உண்டு. நம் நாட்டைப் போலவே அங்கும் பாதையின் இடது பக்கம்தான். ஆனால், தலைக்கவசம் அணியாமல் ஓட்ட முடியாது. அந்த நகரம் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தில் 1990 முதல் அது சட்டம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நடைபாதையிலும் ஓட்டலாம்.

இரண்டாவது, இந்தச் சைக்கிள் இன்னும் எத்தனை காலத்துக்கு உதவும்? மகனுடைய சைக்கிளின் ஆசனம் ஏற்கனவே உச்சத்துக்கு உயர்த்தப்பட்டிருந்தது. வளரும் பிள்ளைக்கு அது இனி ஓரிரு வருடம் கூடப் போதாது.

மூன்றாவது, எப்படிக் கொண்டு போவது? விமானத்தில் என்றால் பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, டயரின் காற்றைக் குறைத்து, அட்டைப் பெட்டியில் கட்ட வேண்டும். எவ்வளவு நிறை, எவ்வளவு நீளம், என்ன கட்டணம் என்பது விமானத்துக்கு விமானம் வேறுபடும். பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். அவுஸ்திரேலியாவுக்குள் மண் ஒட்டிய பொருளைக் கொண்டு செல்ல விடமாட்டார்கள். பாவித்த சைக்கிளை டயரின் இடுக்குவரை கழுவிக் காயவைத்து, இறங்கும்போது அதிகாரிகளிடம் அறிவிக்கவும் வேண்டும். கப்பலில் சாமான்களோடு அனுப்பினால் வந்து சேர வாரக்கணக்காகும்.

நான்காவது, அங்கே பழைய சைக்கிள் என்ன விலை? பாவித்த நல்ல சைக்கிள்கள் அங்கும் விற்பனைக்கு உண்டு. கொண்டு போகும் செலவையும் அந்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வேலைக்குப் போக நாள்தோறும் ஓட்டும், அளவு மாறாத, தரமான சைக்கிள் என்றால் கொண்டு போவதே இலாபமாகலாம். சிறுவரின் சைக்கிளுக்கு அப்படி அமைவது அரிது.

கணக்கு மனைவியின் பக்கமே சாய்ந்தது. நண்பர் வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகுதான் மனம் திறந்தார்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அன்று அவருக்குப் பத்து வயது. சோனகத் தெரு வீட்டு முற்றத்தில், வாப்பா வாங்கிக் கொடுத்து ஆறு மாதமும் ஆகாத சைக்கிள் நின்றது. அதைத் திரும்பிப் பார்த்தபடியே நடந்தாராம். “என்ட மகனும் அப்படித் திரும்பிப் பார்க்கக் கூடாது மௌலவி” என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். பதில் சொன்னவர் மனைவிதான். “அன்டைக்கு ஒங்கள்ட்ட யாரும் கேக்கல்ல. நாம இவன்ட்டக் கேப்பம்.”

கேட்டார்கள். பையன் ஒரு நாள் தவணை வாங்கினான். மறுநாள் தன் வகுப்புத் தோழன் ஒருவனை வீட்டுக்கு அழைத்து வந்தான். தினமும் பாடசாலைக்கு நடந்தே வரும் பிள்ளை. இருவருமாகச் செயினுக்கு எண்ணெய் இட்டார்கள். மணியை மட்டும் கழற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டான் மகன். விக்டோரியாவில் சைக்கிளுக்கு மணியோ வேறு ஒலிக் கருவியோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த மணி இன்று மெல்பேர்னில் வாங்கிய பழைய சைக்கிளில் ஒலிக்கிறது.

சகோதரிகளே! பறிகொடுத்துப் போவது வேறு. கொடுத்துவிட்டுப் போவது வேறு. ஆகவே, கடைசி இரவில் சைக்கிளை யாருடைய தலையிலாவது கட்டிவிடாதீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பே கணக்குப் பாருங்கள். அந்தக் கணக்கைப் பிள்ளைக்கும் காட்டுங்கள். கொடுப்பதென்று முடிவானால், யாருக்கு என்பதை அவனே சொல்லட்டும், அவன் கையாலேயே கொடுக்கட்டும்.