கம்பி அறுந்தால் செல்பேசியே கதி: ஹைதராபாத் காட்டும் இணைய இந்தியா

செகந்திராபாத்திலிருந்து பொலாரம் செல்லும் ரயில் பாதையில், ராணுவக் குடியிருப்புகளைக் கடந்தால் வருவது அல்வால். தனி நகராட்சியாக இருந்து 2007-ல் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பகுதி. மென்பொருள் நிறுவனங்களுக்குப் பெயர்பெற்ற மாதாப்பூரும் கச்சிபௌலியும் நகரின் மேற்கு முனையில், அல்வாலோ வடமுனையில். வீட்டுக்குக் கம்பிவழி இணையம் வாங்குவதா, கையிலுள்ள செல்பேசித் திட்டத்தைக் கொண்டே காலம் தள்ளுவதா என்பது இத்தகைய புறநகர்க் குடும்பங்களின் மாதாந்திரக் கணக்கு. 2025 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் பல பகுதிகளில் அந்தக் கணக்குக்கே இடமில்லாமல் போயிற்று.

அம்மாதம் 17-ஆம் தேதி நள்ளிரவில் ராமந்தாப்பூரில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வல ரதம் மின்சாரம் பாய்ந்த கம்பியில் பட்டு ஐந்து பேர் உயிரிழந்தனர். அடுத்த நாள்களில் விநாயகர் சிலையைக் கொண்டுசென்றவர்களும் மின்சாரம் தாக்கி மாண்டனர். எரிசக்தித் துறையைக் கையில் வைத்திருக்கும் துணை முதல்வர் பட்டி விக்கிரமார்க்கா, மின்கம்பங்களில் தொங்கும் கேபிள்களை அகற்ற உத்தரவிட்டார். மின்விநியோக நிறுவன ஊழியர்கள் கண்ணாடி இழைக் கேபிள்களை வெட்டிச் சாய்த்தனர். ஆயிரக்கணக்கான வீடுகளில் இணையம் அறுந்தது. அனுமதி பெற்றுக் கட்டணமும் செலுத்தியே கம்பங்களைப் பயன்படுத்துவதாகக் கூறி ஏர்டெல் நிறுவனம் தெலங்கானா உயர் நீதிமன்றத்தை நாடியது.

இணைப்பு இழந்தோருக்கு எஞ்சியது செல்பேசி ஒன்றே. அதன் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து அலுவலக வேலை, அதிலேயே பிள்ளையின் பாடம், அதிலேயே வங்கிப் பரிமாற்றம். மனித உயிர்கள் பலியான பின் அரசு கைகட்டி நிற்க முடியாது என்பது உண்மை. ஆனால் உயிருக்கும் இணையத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒரு பெருநகரம் தள்ளப்பட்டது எப்படி?

நூறில் ஐந்துகூட இல்லை

2025 மார்ச் இறுதியில் நாட்டின் பிராட்பேண்ட் இணைப்புகள் 94 கோடியைத் தாண்டிவிட்டதாக டிராய் கணக்குக் காட்டியது. அவற்றில் கம்பிவழி இணைப்புகள் நான்கு கோடியைச் சற்றே தாண்டியவை. எஞ்சியவை ஏறக்குறைய அனைத்தும் செல்பேசி இணைப்புகளே. 2004-ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, 2010-க்குள் இரண்டு கோடி இணைப்புகள் என்று இலக்கு வைத்தது. 2010 முடிவில் எட்டியதோ சுமார் 1.1 கோடி. தெருக்களில் குழாய் பதித்து வீடுதோறும் இழை கொண்டுசெல்லும் பணி அப்போதே நொண்டியடித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, தொடக்கத்தில் இலவசமாகவே டேட்டாவை வாரி இறைத்தபின், அந்தப் பணி நிறைவேறாததை எவரும் பெரிதாகப் பேசவில்லை.

இலவசத்தின் காலம் முடிந்தது. 2019 டிசம்பர், 2021 இறுதி, 2024 ஜூலை என மூன்று முறை தனியார் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. 2024 ஜூலையில் ஜியோவின் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயானது. கம்பிகள் வெட்டப்பட்ட அதே ஆகஸ்டில்தான் ஏர்டெல் தனது 249 ரூபாய்த் திட்டத்தையும் விலக்கிக்கொண்டது. கட்டண நிர்ணயத்தை நிறுவனங்களிடமே விட்டுவைத்திருக்கும் டிராய் இதில் தலையிடுவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். திட்டத்தின் ஆயுள் 28 நாள். எனவே ஆண்டுக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். (மாதக் கணக்கிலான திட்டம் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று டிராய் 2022-ல்தான் கட்டளையிட்டது, 28 நாள் திட்டங்கள் அதனால் மறைந்துவிடவில்லை.) ஒரு சிம்முக்கு 3,887 ரூபாய். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு 15,548 ரூபாய். 30 எம்பிபிஎஸ் வேகத்தில் ஜியோ வழங்கிய 399 ரூபாய்க் கம்பிவழித் திட்டமோ, வரியும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 5,650 ரூபாய்.

அப்படியானால் மக்கள் ஏன் கம்பிக்கு மாறவில்லை? கம்பி வந்தாலும் சிம் உயிரோடு இருக்கவேண்டும் என்பதே காரணம். டேட்டா இல்லாமல் பேசுவதற்கு மட்டுமான திட்டத்தைக் கட்டாயமாக்கியதே 2024 டிசம்பரில்தான். 84 நாளுக்கு 448 ரூபாய் என்று ஜியோ கொடுத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,950. நால்வருக்கும் இதை வாங்கிக் கம்பியையும் சேர்த்தால் 13,450 ரூபாய். மிச்சம் இரண்டாயிரம்தான், வீட்டு வாசலைத் தாண்டினால் கடையில் யுபிஐ மூலம் பணம் செலுத்தவும் டேட்டா இராது. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் செல்பேசி வைத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கோ கம்பி என்பது முழுக்க முழுக்கக் கூடுதல் செலவு. அவர் செல்பேசியை விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வது அபத்தம்.

அந்த ஒன்றரை ஜிபியோ ஒரு குடும்பத்துக்குப் போதாது. ஒரு மணி நேரக் காணொலி வகுப்பு அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை விழுங்கும். அளவு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ். டிராய் விளக்கப்படி 2 எம்பிபிஎஸ்-க்குக் குறைந்தது பிராட்பேண்டே அல்ல. ஆனாலும் அந்த சிம் 94 கோடியில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. ஒரே கோபுரத்தின் அலைக்கற்றையை அக்கம்பக்கத்தார் அனைவரும் பங்கிடுவதால் மாலை வேளையில் அளவு மிச்சமிருந்தும் வேகம் இருப்பதில்லை.

அதே மின்கம்பம்

கேரளத்தில் இதே மின்கம்பங்கள் வேறு விதமாகப் பயன்பட்டன. மாநில மின்வாரியத்தின் பங்கேற்புடன் உருவான கே-ஃபோன், வாரியத்தின் கம்பங்கள் வழியே இழை இழுத்து 2023 ஜூன் 5-ல் தொடங்கிவைக்கப்பட்டது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. அந்த இலக்கை நோக்கிய பயணம் மிக மெதுவானது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் கம்பமும் இழையும் ஒரே பொதுக்கரத்தில் இருக்கும்போது, கம்பத்துக்குரியவர் கம்பியை வெட்டவேண்டிய தேவை எழுவதில்லை. தெலங்கானாவின் டி-ஃபைபர், பகீரதா குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளங்களிலேயே இழை பதிக்கும் நல்ல யோசனையோடு பிறந்தது. 2024 டிசம்பரில் சில கிராமங்களில் அது முன்னோட்டமாகத் தொடங்கியது. கிராமங்களில் நடந்த அந்த முன்னோட்டம் அல்வாலுக்கு உதவவில்லை.

2024 ஜூலை உயர்வைக் கண்டு கொதித்த மக்கள் அம்மாதமே பிஎஸ்என்எல்லை நாடினர். 29 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகச் சேர்ந்தனர். அந்நிறுவனத்தின் 4ஜி சேவை நாடு தழுவிய அளவில் தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27-ல்தான். தனியார் நிறுவனங்கள் அதற்குள் 5ஜிக்குச் சென்று ஏறக்குறைய மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

கேபிள்களுக்கான பொதுக்குழாய்கள் பற்றி 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பேசுகிறது. அச்சட்டத்தின்கீழ் வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அடுத்த எட்டாவது மாதத்தில்தான் ஹைதராபாத்தின் கம்பங்களில் ஊழியர்கள் கத்தரியுடன் ஏறினார்கள்.