டொமைன் பதிவும் கறுப்பு மை பூசிய முகவரியும்

கொழும்பு வெள்ளவத்தை காலி வீதியில் புடைவைக்கடை வைத்திருப்பவர் கடைக்கு ஒரு ‘டொட் கொம்’ பெயர் வாங்கப் போனால், பதிவாளர் நிறுவனம் முதலில் அவருடைய பெயர், தபால் முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் கேட்கும். மின்னஞ்சலையோ தொலைபேசியையோ உறுதிப்படுத்த அனுப்பும் செய்திக்கு 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நிறுவனம் தானே விசாரித்துச் சரிபார்க்க வேண்டும், இல்லையேல் பெயரை முடக்க வேண்டும்.

கொடுத்த முகவரியை யார் பார்க்கலாம்? பொலிஸ் பதிவுப் படிவத்தில் வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் எழுதிக் கொடுத்துப் பழகிய ஊர் இது. 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பப்பட்டதையும் கண்டது. பட்டியல் எவர் கையில் என்பது இங்கே சும்மா கேட்கிற கேள்வியல்ல.

டொமைன் பதிவு விவரத்தை நீண்ட காலம் எவரும் பார்க்கலாம் என்பதே நிலை. ‘ஹூஇஸ்’ என்ற தேடல் முறை 1982இல், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டின் ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க எழுதப்பட்டது. இணையம் கடைத்தெருவான பிறகும் அந்த விலாசப் புத்தகத்தை எவரும் மூடவில்லை. வீட்டிலிருந்து கேக் விற்பவரின் மாடிவீட்டு இலக்கமும் அதில் கிடந்தது. விளம்பரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மறைக்க விரும்பியவர்கள் தங்கள் விவரத்துக்குப் பதில் இடைத்தரகர் விவரம் தெரியும்படி செய்தார்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் செலுத்தி.

2018 மே 25இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. டொமைன்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பு ஒரு வாரம் முன்னரே, இந்த விவரங்களை மறைக்க அவசர விதி கொண்டுவந்தது. பல ஆண்டுகள் வாதாடியும் நகராத விஷயம், அபராதப் பயத்தில் நகர்ந்தது. இப்போது புடைவைக்கடைக்காரரின் பதிவைத் தேடினால் பதிவாளர் பெயர், திகதிகள், நாடு, மாகாணம் தெரியும்; மற்றவை பெரும்பாலும் மறைந்திருக்கும். 2025 ஜனவரியில் ஹூஇஸின் இடத்தை ‘ஆர்டாப்’ என்ற புதிய முறை எடுத்துக்கொண்டது.

மறைந்தவை அழிந்துவிடவில்லை, பதிவாளரின் கணினியில் அப்படியே இருக்கின்றன. பொலிஸாரோ வர்த்தகக் குறி உரிமையாளரோ காரணம் காட்டிக் கேட்கலாம். கொடுப்பதா என்று பதிவாளர் எடைபோடுவார். போலி வங்கித் தளங்களைத் துரத்துபவர்களுக்கு இது பெரிய தலையிடி. அவர்களுடைய முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு.

இலங்கையின் ‘டொட் எல்கே’ பெயர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. 1990 முதல் அவற்றை நிர்வகிக்கும் எல்கே டொமைன் பதிவகத்துக்குத் தனி விதிகள் உண்டு, ‘.இலங்கை’ பெயர்களும் அதன் பொறுப்பிலேயே.

2018க்கு முன் ‘டொட் கொம்’ பதிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய ஹூஇஸ் பதிவுகளைப் பிரதியெடுத்துச் சேமித்த நிறுவனங்கள் இருக்கின்றன. இன்று மறைக்கப்பட்ட முகவரி அந்தச் சேமிப்பில் விலைக்குக் கிடைக்கலாம்.