கோட்டைச் சுவரில் ஒரு பச்சை



இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் பழைய சுவர்களில் பச்சை படரும். எல்லாவற்றையும் 'பாசி' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் உண்மையான பாசிகள் ஒரு வகை. பூவோ விதையோ உண்மையான வேரோ இல்லாத பிரையோஃபைட்டுகள் வேறு வகை.

பிரையோஃபைட்டுகளில் மூன்று பிரிவுகள் உண்டு: மாஸ், லிவர்வொர்ட், ஹார்ன்வொர்ட். தண்டைச் சுற்றிக் குட்டி இலைகளோடு மெத்தைபோல அடர்ந்து நிற்பது மாஸ். லிவர்வொர்ட்டுகளில் இலையுள்ளவையே அதிகம். ஆனாலும் தட்டையாக, கிளை பிரிந்து, மண்ணோடு ஒட்டிக் கிடப்பவைதான் எளிதில் அடையாளம் தெரியும். உலகில் லிவர்வொர்ட் இனங்கள் சுமார் 7,000.

கேரளத்தின் நிழலான பழஞ்சுவர்களிலும் வெட்டுக்கல் சரிவுகளிலும் வளரும் சையத்தோடியம் இவற்றில் ஒன்று. மெல்லிய வெளிச்சம் பட்டாலே மஞ்சள் கலந்த பச்சையாய் மினுங்கும். அது தானாக ஒளிர்வதில்லை. விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது.

மார்கான்ஷியா என்ற மற்றொரு லிவர்வொர்ட்டின் மேல்புறத்தில் சிறு கிண்ணங்கள் இருக்கும். அவற்றுக்குள் பச்சைத் துணுக்குகள். மழைத்துளி விழும் வேகத்தில் அவை தெறித்துப்போய், விழுந்த இடத்தில் புதுச் செடியாகும்.

பாறையிலும் வெற்று மண்ணிலும் முதலில் குடியேறி, ஈரத்தைப் பிடித்துவைத்து, மற்றச் செடிகளுக்கு இடம் அமைத்துத் தருபவை இந்தச் சிறு தாவரங்கள். அடுத்த மழையில் உங்கள் வீட்டு மதிலைச் சுரண்டுமுன், ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.