ஆடிக்காத்தும் ஒரு பட்டமும்

கோடை முடிஞ்சதும் கோயம்புத்தூர் பக்கம் ஒரு காத்து கிளம்புமே, கவனிச்சிருக்கீங்களா? தென்மேற்குப் பருவக்காற்று மழையில் பெரும்பகுதியைக் கேரளாவிலேயே கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம்ம பக்கம் நுழைகிறது. மலைகளுக்கு நடுவே சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளிதான். அதனால் வேகமும் கூடுகிறது. காற்றாலைக்காரங்களுக்கு அது சீசன். நமக்குப் பட்டம்!

பட்டம் விடுறதுல பாதி வேலை சூத்திரம் கட்டுறதுலதான். நடுக்குச்சியில் மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும் நூலைக் கட்டி, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சை மேலே தள்ளினால் பட்டம் காற்றில் கொஞ்சம் படுத்தாற்போல நிற்கும், இழுவை குறையும். கீழே தள்ளினால் நிமிரும். காற்று குறைவான நாளுக்கு அதுதான் சரி. காற்றின் வேகம் 2 மடங்கானால் விசை 4 மடங்காகும். போன ஆடியில் இதை மறந்து, முடிச்சை மாத்தாமலே விட்டேன். நூல் அறுந்து பட்டம் போயே போச்சு. காரணத்தைச் சொன்னவன் யார் தெரியுமா? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சிருந்த என் ரூம்மேட்!

பட்டம் கரணம் அடிச்சா வால் பத்தலைன்னு அர்த்தம். பழைய வேட்டியைக் கிழித்து ஒரு முழம் சேருங்கள்.

மாஞ்சா மட்டும் வேண்டவே வேண்டாம். பைக்கில் போனவங்க கழுத்தை அறுத்து உயிரே போயிருக்கு. சாதாரணப் பருத்தி நூல் போதும். கரண்ட் கம்பி இல்லாத இடமாப் பார்த்துக்கோங்க, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடியும் வேண்டாம்.

ஐப்பசியில் காத்து திசை மாறி மழை பிடிச்சிடும். அதுக்குள்ள ஒரு சாயங்காலம் கிரவுண்டுக்கு வாங்க. நூல்கண்டு என்கிட்ட இருக்கு.